கலப்படம் நாகரிகமான கதை

பழைய புத்தக வியாபாரி ஒருவரின் விற்பனைப் பட்டியலை ஒரு ராத்திரி இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தேன். வாங்குவதற்கில்லை, சும்மா பார்க்கத்தான். (வீட்டில் இதை யாரும் நம்புவதில்லை.) 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் அச்சான ஒரு பயண நூல் கண்ணில் பட்டது. தோல் அட்டை, முதுகில் தங்க எழுத்து, வரைபடங்கள் எல்லாம் இருக்கு. விலை மட்டும் சந்தேகம் வரும் அளவுக்குக் குறைவு. விவரக் குறிப்பின் கடைசி வரியில் இது ஒரு ‘சொஃபிஸ்டிகேட்டட்’ பிரதி என்று போட்டிருந்தார்கள்.

ஆகா, நேர்த்தியான பிரதி போல, அதைப் போய் இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்களே என்று நினைத்தேன். சந்தேகம் தாங்காமல் மின்னஞ்சலில் கேட்டேன். பதில் சுருக்கமாக வந்தது: அந்தச் சொல் இருப்பதால்தான் விலை குறைவு.

விசாரித்தபோது தெரிந்தது இது. பழைய புத்தகச் சந்தையில் ‘சொஃபிஸ்டிகேட்டட்’ என்றால் ஒட்டுப்போட்ட பிரதி. ஒரு பிரதியில் நாலு தாள் காணாமல் போயிருக்கும். வேறொரு சிதைந்த பிரதியிலிருந்து அந்த நாலு தாளை எடுத்துச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் அச்சைப் பார்த்துக் கையாலேயே வரைந்த தாளைச் சொருகியிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜான் ஹாரிஸ் என்பவர் இந்தக் கலையில் பெரிய ஆள். அவர் வரைந்த தாளையும் அசல் அச்சுத் தாளையும் பிரித்துப் பார்க்க நிபுணர்களே திணறினார்களாம். ஜான் கார்ட்டர் 1952இல் வெளியிட்ட புத்தகச் சேகரிப்பாளர் கையேட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரு பதிவு உண்டு. தில்லுமுல்லு செய்யப்பட்டது என்பதை மரியாதையாகச் சொல்லும் வார்த்தை, அவ்வளவுதான் என்று அதில் போட்டு உடைத்திருக்கிறார்.

சரி, ஏதோ வியாபாரிகளின் குழூஉக்குறி என்று விட்டுவிடலாம்னு பார்த்தால், இல்லை. இதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். நாம் இன்று பாராட்டாகச் சொல்கிறோமே, “அவங்க ரொம்ப சொஃபிஸ்டிகேட்டட்” என்று, அந்தப் பொருளுக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். அதற்கு முன் ஏறக்குறைய 500 வருஷம் ஆங்கிலத்தில் இது திட்டு வார்த்தை. ‘கலப்படமான’ என்பதுதான் அதன் நேர்ப்பொருள்.

இன்றைக்கு நாம் இதை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். ஆளைச் சொன்னால் உலகம் தெரிந்தவர், ரசனை உள்ளவர், நாசூக்கானவர். பொருளைச் சொன்னால் சிக்கலான, நுட்பமான, அதிநவீனமான பொருள். இரண்டுமே பாராட்டு. கலப்பட மிளகிலிருந்து இந்த உயரத்துக்கு ஒரு சொல் எப்படி ஏறியது என்று தெரிய, முதலில் கிரேக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே கதை தலைகீழ். ஒரு நல்ல சொல் கெட்டுப்போன கதை அது.

வேர்ச்சொல் ‘சோஃபியா’. ஞானம் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் ஹோமரின் இலியட்டில் இந்தச் சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் ஞானிக்கு அல்ல, தச்சனுக்கு. கப்பலுக்கான மரத்தை நூல் பிடித்து நேராக்குகிற தச்சனின் கைத்திறனுக்குப் பெயர் சோஃபியா. அதாவது முதலில் அது கையில் இருந்தது, பிறகுதான் தலைக்கு ஏறியது. அந்தத் திறன் உள்ளவன் ‘சோஃபிஸ்டஸ்’. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதிய ஹெரோடோடஸ், சட்டம் இயற்றிய சோலோனையும் கணித மேதை பித்தாகரஸையும் இதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார். கிண்டல் ஏதும் இல்லை. அறிஞர் என்று நாம் சொல்கிற மாதிரிதான்.

அதே நூற்றாண்டில் ஒரு புதுத் தொழில் வந்தது. புரோத்தகோரஸ், கோர்கியாஸ், புரோடிகஸ், ஹிப்பியாஸ் ஆகிய ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்க் கட்டணம் வாங்கிக்கொண்டு பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்தார்கள். பெரும்பாலும் ஏதென்ஸ்காரர்கள் இல்லை, வெளியூர்க்காரர்கள். கோர்கியாஸ் சிசிலியிலிருந்து கி.மு. 427இல் தன் ஊரின் தூதராக ஏதென்ஸுக்கு வந்து பேசிய பேச்சில் ஊரே சொக்கிப்போனது என்பார்கள். இந்தத் தொழிலுக்கு ஏதென்ஸில் அப்படி ஒரு தேவை இருந்தது. அங்கே நீதிமன்றத்தில் வக்கீல் கிடையாது. வழக்குப் போட்டவனும் போடப்பட்டவனும் தாங்களே எழுந்து நின்று நூற்றுக்கணக்கான நடுவர்கள் முன் பேச வேண்டும். பேசத் தெரியாதவன் நிலத்தை இழப்பான், சில சமயம் உயிரையும். மக்கள் மன்றத்திலும் அதே கதை. பேச்சு என்பது அங்கே அலங்காரம் இல்லை, கவசம்.

கட்டணம் நன்றாகவே வந்தது. சிற்பி ஃபிடியாஸும் இன்னும் பத்துச் சிற்பிகளும் சேர்ந்து சம்பாதித்ததைவிடப் புரோத்தகோரஸ் ஒருவர் அதிகம் சம்பாதித்தார் என்று பிளேட்டோவின் ஒரு உரையாடலில் சாக்ரடீஸ் சொல்கிறார். இன்னொரு உரையாடலில், சொற்களின் சரியான பயன்பாடு பற்றிப் புரோடிகஸ் நடத்திய வகுப்பு வருகிறது. அதில் 50 டிராக்மா வகுப்பு ஒன்று, 1 டிராக்மா வகுப்பு ஒன்று. நான் 1 டிராக்மா வகுப்புதான் கேட்டேன், அதனால் எனக்கு முழு உண்மை தெரியாது என்று சாக்ரடீஸ் கிண்டலடிக்கிறார். அன்றைக்கு ஒரு கைவினைஞரின் ஒருநாள் கூலி ஏறக்குறைய 1 டிராக்மா. இலவச டெமோ வகுப்பு, பிறகு முழுப் பாடத்துக்குக் கட்டணம் என்பதெல்லாம் நம்ம காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை போலிருக்கு.

வெறுப்பு எங்கிருந்து வந்தது? காசு வாங்கியது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நல்ல குடும்பத்தில் பிறந்தவனுக்குத் தானாக வருவதாக நினைத்திருந்த ஒன்றை இவர்கள் காசு கொடுக்கும் எவனுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். பிறவியில் வர வேண்டியது பயிற்சியில் வந்தால் அது போலி என்ற எண்ணம் பழையவர்களுக்கு இருந்தது. இந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் எங்கே போனாலும் அதன் பின்னாலேயே இது வரப்போகிறது.

கி.மு. 423இல் அரிஸ்டோஃபனீஸ் ‘மேகங்கள்’ என்ற நகைச்சுவை நாடகத்தை மேடையேற்றினார். கடன் தொல்லையில் மாட்டிய ஒரு கிழவர், கடன்காரர்களை வாயாலேயே விரட்டக் கற்றுக்கொள்ள ஒரு ‘சிந்தனைக்கூட’த்துக்குப் போகிறார். பலவீனமான வாதத்தைப் பலமானதாக்கிக் காட்டும் வித்தை அங்கே கற்றுத்தரப்படும். நடத்துகிறவர் யார் தெரியுமா? சாக்ரடீஸ்! காசே வாங்காத, நான் யாருக்கும் ஆசிரியன் இல்லை என்று சொன்ன அதே சாக்ரடீஸ். ஊர் சிரித்தது. 24 வருஷம் கழித்து, கி.மு. 399இல், இளைஞர்களைக் கெடுத்தார் என்ற குற்றச்சாட்டில் அவர் நீதிமன்றத்தில் நின்றபோது, இப்போது வழக்குப் போட்டவர்களைவிட அந்தப் பழைய அவதூறுதான் ஆபத்தானது என்று சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார். விஷம் கொடுத்தார்கள். அதோடும் முடியவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஐஸ்கினஸ் என்ற பேச்சாளர் இன்னொரு வழக்கில், நீங்கள் கொன்றீர்களே அந்த சோஃபிஸ்ட் சாக்ரடீஸ், என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். பிளேட்டோ வாழ்நாள் முழுக்க எழுதி எழுதி அழிக்கப் பார்த்த பட்டம் அது.

பிளேட்டோ அதற்கு எடுத்துக்கொண்ட வழி, தன் குருவையும் சோஃபிஸ்ட்களையும் பிரிக்கக் கோடு கிழிப்பது. இவர் ஞானத்தை நேசிப்பவர், அவர்கள் ஞானத்தை விற்பவர்கள். ‘சோஃபிஸ்ட்’ என்றே பெயர் வைத்த உரையாடலில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளை வேட்டையாடுபவன், அறிவுச் சரக்கு வியாபாரி என்று வரிசையாக இலக்கணம் சொல்கிறார். அந்த ஆசிரியர்கள் எழுதியவை துண்டுதுண்டாகத்தான் மிஞ்சின. பிளேட்டோ எழுதியது முழுசாக மிஞ்சியது. எதிர்த்தரப்பின் வக்கீல் வாதம் மட்டும் பதிவான வழக்கு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இதில் சோஃபிஸ்ட்கள் மேல் கொஞ்சம் பரிவு உண்டு.

நம் பக்கத்து நியாய சாஸ்திரமும் இதே இடத்தில் கோடு கிழிக்கிறது. உண்மையை அறியச் செய்வது வாதம், வெல்ல மட்டும் செய்வது ஜல்பம், தன் பக்கம் ஒன்றுமே இல்லாமல் எதிராளியை உடைக்க மட்டும் செய்வது விதண்டை. நாம் வாய்ச்சண்டையில் ‘விதண்டாவாதம் பண்ணாதே’ என்று சொல்வது அந்தச் சொல்தான்.

இப்போது முக்கியமான தாவல். தப்பான வாதத்தைக் குறிக்கும் சொல் கலப்படமான பண்டத்துக்கு எப்படிப் போனது? எனக்கு இதற்கான விதை அரிஸ்டாட்டிலிடமே இருப்பதாகத் தோன்றுகிறது. சோஃபிஸ்ட்களின் போலி வாதங்களைப் பற்றி அவர் எழுதிய நூலின் தொடக்கத்திலேயே ஓர் ஒப்புமை சொல்கிறார். சில பொருள் நிஜமாகவே வெள்ளி, நிஜமாகவே தங்கம். சிலது ஈயம், தகரம் சேர்ந்த சரக்கு, ஆனால் வெள்ளி போலத் தெரியும். மஞ்சள் நிற உலோகம் தங்கம் போலத் தெரியும். வாதமும் அப்படித்தான் என்கிறார். சோஃபிஸ்ட் என்றால் உண்மையான ஞானம் இல்லாமல் ஞானம் போலத் தெரிவதை வைத்துக் காசு பண்ணுகிறவன். போலி வாதத்துக்குப் போலி வெள்ளியை உவமையாகச் சொன்னார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இடைக்காலம் முழுக்க இந்த நூல் பாடப்புத்தகம். உவமை திரும்பிப் பாய்ந்து, போலிச் சரக்கையே சோஃபிஸ்ட் வேலை என்று சொல்ல ஆரம்பித்ததில் ஆச்சரியமில்லை. இது என் ஊகம்தான். ஆனால் இடைக்கால லத்தீனில் ‘சொஃபிஸ்டிகாரே’ என்ற வினைச்சொல் வந்துவிட்டது என்பது ஊகம் இல்லை. பொருள்: கலப்படம் செய்தல், மாற்றி ஏமாற்றுதல்.

(அதே பல்கலைக்கழகங்களில் வாதப் பயிற்சி செய்யும் மாணவனுக்கு ‘சொஃபிஸ்டர்’ என்று பெயர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களை இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அமெரிக்காவின் ‘சொஃபமோர்’ இந்தக் குடும்பம்தான்.)

ஆங்கிலத்துக்கு வினைச்சொல் 1400 வாக்கில் வந்தது. கலப்படம் என்ற பொருளோடேயே வந்தது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் கொடுப்பதும் அதுதான்: போலியைச் சேர்த்துக் கெடுத்தல். நாகரிகம், நேர்த்தி எதுவும் அங்கே இல்லை.

இந்தப் பொருளின் உச்சம் என்று நான் நினைப்பது 1820ஐ. ஃபிரெடரிக் ஆக்கம் என்ற வேதியியலாளர், ஜெர்மனியில் பிறந்து லண்டனுக்கு வந்தவர், உணவுக் கலப்படம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்தக் கால வழக்கப்படி தலைப்பு ஒரு பத்தி நீளம். ரொட்டி, பீர், ஒயின், தேயிலை, காப்பி, மிளகு, பாலாடைக்கட்டி, ஊறுகாய் என்று பண்டங்களை அடுக்கி, இவற்றில் நடக்கும் மோசடி ‘சொஃபிஸ்டிகேஷன்’களை இந்நூல் அம்பலப்படுத்தும் என்று தலைப்பிலேயே அறிவிக்கிறார். உள்ளே இருப்பது வயிற்றைக் கலக்கும். ரொட்டி வெளுப்பாக வர மாவில் படிகாரம். ஊறுகாய் பச்சைப் பசேலென்று இருக்கச் செம்பு. பாலாடைக்கட்டிக்குச் சிவப்பேற்றும் சாயத்தில் ஈயச் செந்தூரம். தேயிலை என்று விற்றது வேலியோரச் செடியின் இலை.

மிளகு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எண்ணெய் எடுத்த ஆளிவிதைப் பிண்ணாக்கு, களிமண், காரத்துக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூள், மூன்றையும் பிசைந்து சல்லடையில் அழுத்தி, பீப்பாயில் உருட்டி மிளகு மணி செய்தார்களாம். தண்ணீரில் போடுங்கள், நிஜ மிளகு அப்படியே இருக்கும், இது கரைந்து தூளாகிவிடும் என்று சோதனையும் சொல்கிறார். நம்ம ஊரில் பப்பாளி விதையைக் கண்டுபிடிக்க இன்றும் மிளகைத் தண்ணீரில்தான் போடுகிறோம். கிடங்குத் தரையைப் பெருக்கி அள்ளிய மிளகுத் தூசியையும் விற்றார்கள். அந்தத் தூசியின் தூசிக்குத் தனி வியாபாரப் பெயரே இருந்தது.

ஆக்கம் கலப்படக்காரர்களின் பெயர்களையும் வெளியிட்டார். புத்தகம் முதல் மாதத்திலேயே ஆயிரம் பிரதி போனது. ஆனால் அதே ஆண்டு இறுதியில், நூலகப் புத்தகங்களிலிருந்து தாள் கிழித்தார் என்று அவர்மேல் வழக்கு வந்தது. அவர் பகைத்துக்கொண்டவர்கள் அதைப் பெரிதாக்கினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஜாமீனில் இருந்தவர் வழக்கைச் சந்திக்காமல் ஜெர்மனிக்கே திரும்பிப் போய்விட்டார். கலப்படத்தை எதிர்த்தவர் புத்தகத்தில் தாள் கிழித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டார். அவர் கிழித்த புத்தகங்களில் பிறகு யாராவது வேறு தாள் ஒட்டினால் அந்தப் பிரதிக்கு என்ன பெயர் என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தாலிய மொழியில் இந்தப் பொருள் இன்னும் சாகவில்லை. உணவுக் கலப்படத்தை அங்கே இன்றும் ‘சொஃபிஸ்திகாட்சியோனே’ என்றுதான் சொல்கிறார்கள். 1962இல் அதற்கென்றே தனிக் காவல் பிரிவு தொடங்கினார்கள். பெயரைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் சொஃபிஸ்டிகேஷன் எதிர்ப்புப் படை என்றாகும்! சிரிப்பு வரலாம். ஆனால் 1986இல் அந்நாட்டில் மெத்தனால் கலந்த ஒயினைக் குடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். பார்வை போனவர்களும் உண்டு.

பண்டத்திலிருந்து மனிதருக்கு இந்தச் சொல் எப்போது தாவியது? 1600ஐ ஒட்டி. பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோன்டேய்ன், தைலக்காரர்கள் எண்ணெயைச் செய்ததை மனிதர்கள் இயற்கையைச் செய்துவிட்டார்கள் என்று ஒரு இடத்தில் எழுதுகிறார். என்னென்னவோ வாதங்களைக் கலந்து கலந்து அதன் அசல் முகமே தெரியாமல் ஆக்கிவிட்டார்களாம். 1603இல் ஜான் ஃபுளோரியோ இதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது இதே சொல்லைத்தான் போட்டார். எண்ணெய்க் கலப்படமும் சோஃபிஸ்ட் வாதமும் ஒரே வாக்கியத்தில் கைகோக்கிற இடம் இது. சொல்லின் இரண்டு பாதிகளும் தெரிந்து எழுதியிருக்கிறார்.

மூன்று வருஷம் கழித்து, 1606 டிசம்பரில், ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ இங்கிலாந்து அரசவையில் நடிக்கப்பட்டது. அதில் ஃபுளோரியோவின் மொழிபெயர்ப்பைப் படித்த தடங்கள் இருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மகள்கள் கைவிட்ட கிழட்டு அரசன் இடியும் மழையுமான பொட்டல் வெளியில் நிற்கிறான். எதிரே ஏறக்குறைய அம்மணமாக ஒரு பைத்தியக்காரப் பிச்சைக்காரன் (பிரபுவின் மகன் ஒருவன் போட்ட வேடம் அது). அவனைப் பார்த்து லியருக்கு ஒன்று உறைக்கிறது. பட்டுப் புழுவிடமோ ஆட்டிடமோ இவன் எதையும் கடன் வாங்கவில்லை, இவன்தான் அசல் மனிதன். நாங்கள் மூன்று பேரும் ‘சொஃபிஸ்டிகேட்டட்’ என்கிறான். அப்புறம் தன் உடைகளைக் கிழித்தெறியப் பார்க்கிறான்.

இன்றைய பொருளில் இதைப் படிக்கிற மாணவர், நாங்கள் மூவரும் நாகரிகமானவர்கள் என்று லியர் பீற்றிக்கொள்வதாக எடுத்துக்கொள்ளலாம். காட்சியே தலைகீழாகிவிடும். அவன் சொல்வது, நாங்கள் மூன்று பேரும் கலப்படச் சரக்கு என்று. அந்த ஒரு சொல்லின் வயது தெரியாவிட்டால் அடுத்த நிமிஷம் அவன் ஏன் துணியை அவிழ்க்கிறான் என்பது புரியாது.

பிறகு 300 வருஷம் மனிதர்களைப் பொறுத்தவரை இது வசைதான். வெகுளித்தனம் போனவன், இயல்பு கெட்டவன் என்று பொருள். இதற்கு எதிர்ப்பதமான ‘அன்சொஃபிஸ்டிகேட்டட்’ அப்போது பாராட்டு! கள்ளமில்லாத, கலப்பில்லாத என்று அர்த்தம். 1750இல் ரூசோ கலைகளும் அறிவியலும் மனித ஒழுக்கத்தைக் கெடுத்தன என்று கட்டுரை எழுதி திஜோன் நகர அகாதெமியின் பரிசை வாங்கினாரே, அந்த மனநிலைக்கு ஏற்ற சொல் இது.

திருப்பம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில். 1890களில் இந்தச் சொல் உலகம் தெரிந்தவர், தரம் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் என்ற பொருளில் வர ஆரம்பிக்கிறது. கவனித்தால், சொல் குறிக்கும் விஷயம் மாறவே இல்லை. இவர் வெகுளி இல்லை, இவர்மேல் நகரமும் படிப்பும் பயணமும் படிந்திருக்கு. அன்றும் இதைத்தான் சொன்னது, இன்றும் இதைத்தான் சொல்கிறது. சொல்கிறவர் நிற்கும் இடம் மாறிவிட்டது. கிராமத்தில் நின்று பார்த்தால் கெட்டுப்போனவர். நகரத்துக்குக் குடிவந்து, திரும்பிப் போகும் எண்ணமும் இல்லாமல் பார்த்தால் தேறிவிட்டவர். அந்த நூறு வருஷத்தில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் எத்தனை லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள்! தங்களைப் பார்த்துத் தாங்களே கலப்படம் என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

ஹெரால்ட் ராஸ் ‘நியூயார்க்கர்’ இதழை 1925இல் தொடங்கினார். அதற்கு முன் வெளியிட்ட அறிவிப்பில், வழக்கமாக சொஃபிஸ்டிகேட்டட் என்று சொல்வார்களே அப்படித்தான் இந்த இதழ் இருக்கும் என்றார். அயோவா மாநிலத்து டுபியூக் ஊர்ப் பாட்டிக்காக இதை நடத்தப்போவதில்லை என்றும் சொன்னார். டுபியூக் மக்களுக்கு எப்படி இருந்திருக்கும்? லியரின் பொட்டல் வெளியில் அசல் மனிதனாக நின்றவன் இப்போது சந்தா கேட்கத் தகுதியில்லாத பாட்டி ஆகிவிட்டான். ஆனாலும் ராஸ் ‘வழக்கமாகச் சொல்வார்களே’ என்று ஒரு தயக்கத்தோடுதான் சொல்கிறார் பாருங்கள். பழைய நாற்றம் முழுசாகப் போகவில்லை.

எனக்குப் பிடித்த சாட்சி ஒரு பாட்டு. ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் 1932இல் ‘சொஃபிஸ்டிகேட்டட் லேடி’ என்ற இசையைப் படைத்தார். தான் சின்ன வயதில் படித்த பள்ளியின் மூன்று ஆசிரியைகள்தான் மனதில் இருந்தார்கள் என்று பிற்பாடு சொன்னார். வருஷமெல்லாம் பாடம் நடத்துவார்கள், கோடையில் ஐரோப்பா போய்வருவார்கள். வாஷிங்டனின் ஒரு கறுப்பினச் சிறுவனுக்கு அதுதான் உலகம் கண்ட நேர்த்தியின் அடையாளம். அந்த இசைக்கு மிட்செல் பாரிஷ் வரிகள் எழுதினார். அதில் வருவது காதலில் தோற்று, புகைத்துக் குடித்து, மினுமினுப்புக்குள் அழுகிற பெண். நன்றாக இருக்கு, ஆனால் நான் நினைத்தது முழுக்க இது இல்லை என்ற தொனியில் எலிங்டன் சொன்னாராம். ஒரே தலைப்பின் கீழ் இசை புதுப் பொருளையும் வரிகள் பழைய பொருளையும் பாடுகின்றன.

அதற்கப்புறம் கதை வேகமாக முடிந்துவிடுகிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில் இயந்திரங்களுக்கும் கோட்பாடுகளுக்கும் இந்தச் சொல் போனது. ஏவுகணை, கணினி, இப்போது வைரஸ் நிரல். இங்கே ரசனையும் இல்லை, கலப்படமும் இல்லை, சிக்கலானது என்பது மட்டும் மிச்சம். ஒரு வகையில் மிகவும் சப்பையான பொருள் இதுதான்.

இதே காலத்தில் எதிர்த்திசையில் போன ஒரு சொல்லும் உண்டு: ‘ஆர்ட்டிஃபிஷியல்’. ஒரு காலத்தில் அதற்குக் கலைத்திறனோடு செய்யப்பட்டது என்று நல்ல பொருள். இப்போது செயற்கை, போலி. இரண்டு சொல்லும் எங்கோ நடுவழியில் எதிரெதிரே கடந்து போயிருக்கின்றன.

தமிழில் இதை மொழிபெயர்க்க உட்கார்ந்தால் தலைவேதனை. ஆயுதத்துக்குச் செய்தித்தாள்கள் ‘அதிநவீன’ என்று போடுகின்றன, அது சரி. ஆளுக்கு? ‘நாகரிகமான’ என்பது ஓரளவு வரும். அதுவும் ஊசலாடும் சொல்தான். திருக்குறளின் 580ஆவது குறளில் நாகரிகம் என்பது கண்ணோட்டத்தை, அதாவது பிறர்மேல் இரக்கம் காட்டும் பண்பைக் குறிக்கிறது. ஊர்ப்பக்கம் “நாகரிகம் முத்திப் போச்சு” என்றால் அது பாராட்டு இல்லை என்று யாருக்கும் விளக்க வேண்டாம். ‘சாமர்த்தியம்’ என்ற சொல்லிலும் இந்த இரட்டை வாசனை உண்டு. மகனைச் சொன்னால் பெருமை, மருமகனைச் சொன்னால் குத்தல்.

ஆனால் எதிர்ச்சொல்லுக்கு மட்டும் தமிழில் கச்சிதமான ஒன்று கைவசம் இருக்கு. பழைய ஆங்கில நூல்களில் ‘அன்சொஃபிஸ்டிகேட்டட்’ என்று வருகிற இடத்தில் என்ன போடலாம்னு பல நாள் தவித்திருக்கிறேன். வெகுளி, அப்பாவி, கள்ளமற்ற, எதுவும் சரியாக உட்காரவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாட்டி தன் பேத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்: “சூதுவாது தெரியாத புள்ள.” சட்டென்று உறைத்தது. சூது என்றால் ஏமாற்று. வாது என்றால் வாதம், தர்க்கம். ஏமாற்றும் வாதமும் தெரியாதவள். ஏதென்ஸில் சோஃபிஸ்ட்கள்மேல் சுமத்திய இரண்டு குற்றமும் அந்த இரட்டைச் சொல்லுக்குள் இருக்கு, கிரேக்கம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல்.

இப்போது என் மொழிபெயர்ப்பில் அப்படியே போடுகிறேன். 1890க்கு முந்தைய நூலாக இருந்தால் மட்டும். அதற்குப் பிந்தியதாக இருந்தால் வாக்கியத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, எழுதியவர் கிராமத்தில் நிற்கிறாரா நகரத்தில் நிற்கிறாரா என்று பார்த்துத்தான் முடிவு.

அந்தப் பயண நூலை வாங்கிவிட்டேன். வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒட்டுப்போட்டவை மூன்று தாள். அவற்றின் ஓரம் மற்றதைவிட அரை விரல்கடை குட்டை, நிறம் கொஞ்சம் வெளுப்பு. அதில் ஒன்றின் ஓரத்தில், வேறு ஏதோ பிரதியின் பழைய சொந்தக்காரர் ஒருவர் மசியில் ஒரு கணக்கு எழுதிவைத்திருக்கிறார். மெழுகுவத்தி வாங்கிய கணக்கு போலிருக்கு.